சாக்கே, கேட்டியா?

அண்ணாச்சி, முதல்ல அந்த மரம் அறுக்குற மெஷினைக் கீழ வைங்க. அது பல்லை அந்தப்பக்கமாத் திருப்பி வைங்க. இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. வெட்ட வந்த மரத்து நிழல்லயே உக்காரவான்னு யோசிக்காதிய. நிழல் அதையெல்லாம் கண்டுக்காது.

அப்பா பதினோரு மணிக்கு வந்துருவாவ. சனிக்கிழமை அரிசிக்கடையில சரக்கு இறங்கும், அதான் தாமதம். அதுவரைக்கும் மரத்துல கை வைக்கப்படாது, சரியா?

என்னது? நேத்து சாயங்காலமா? 'மரம் அப்படியே நிக்கட்டும், நீரு வரவேண்டாம்'னு அப்பாவே போன் பண்ணுனாவளா? நம்பர் வேறயா இருந்துச்சா? அப்பாவுக்கு ரெண்டு சிம், அண்ணாச்சி. என்னை எதுக்கு அப்படிப் பாக்கிய? குரல் அப்பா குரல்தான்னு நீங்களே சொல்லுதிய, பிறகு என்ன சந்தேகம்?

இல்ல, உங்க சந்தேகமும் நியாயம்தான், நேர்லயே கேட்டுக்கிடலாம்னு வந்தியளாக்கும். திங்கக்கிழமை எங்கப்பா கூப்பிட்டு, மரத்தை வெட்டணும்னு சொன்னாவ. செவ்வாய்க்கிழமை சுவத்துக்கு அந்தப்பக்கத்துல இருந்து பெரியப்பா கூப்பிட்டு, அதே மரத்தை வெட்டணும்னு சொன்னாவ. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி, ஆனா மூணு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. பாகம் பிரிச்சப்போ ரெண்டடி இடத்துக்கு வந்த சண்டை. 'இந்த வீட்டு மூச்சு அந்த வீட்டுக்குப் போகப்படாது'ன்னு சொல்லி எங்கப்பா சுவர் எழுப்புனாவ. எழுப்பிக்கிட்டே வந்தா நடுவுல இந்த வாதாமரம் நிக்கி. கொத்தனாரு என்ன செஞ்சாரு, மரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் இடைவெளி விட்டுட்டு, 'மரம் பெருக்கும்லா, சுவர் விரிஞ்சிரும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாத்தியளா, அந்தச் சந்து. ஆள் நுழைய முடியாது. கை நுழையும். சாக்கு நுழையும்.

அந்தச் சந்துலதான் என் கதையே கிடக்கு.

முதல்லயே சொல்லிடுதேன். எனக்குக் குரல் வரும். நான் மறைக்கல. இந்த அம்பை ஊருல யார் குரல் வேணும், கேளுங்க, தாரேன். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்ல, 'மாணவச் செல்வங்களே, இன்று மதியத்திற்கு மேல் விடுமுறை'ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மூணு கிளாஸ் பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டானுவ. ஒரு வாத்தியாரும் போயிட்டாரு. அன்னையில இருந்து இந்தத் தெருவுல ஒரு செருப்பு காணாமப் போனாலும், 'ஏல செந்தூர்பாண்டி, நீதான?'ன்னு கேக்காவ. ஆனா இந்தக் கதையில நான் திருடன் இல்ல அண்ணாச்சி. திருட்டுக் கொடுத்தவன்.

இந்த மரத்து இலையைப் பாருங்க. ஒவ்வொண்ணும் தோசைக்கரண்டி மாதிரி. தை பொறந்துட்டாப் போதும், செவசெவன்னு சிவந்து, ஒரு நாளைக்கு நாலு சாக்கு விழும். பெருக்குறது கஷ்டம் இல்ல. அள்ளிக் கட்டுறதுதான் கஷ்டம். குப்பை வண்டி மரகதம் அக்கா இருக்காள்லா, உதிரியா அள்ளிக் கொட்டுனா வாங்க மாட்டா. அவ குரல்ல கேளுங்க: 'ஏ அம்மா! காத்தடிச்சா அத்தனையும் பறந்து என் மூஞ்சியிலதான் ஒட்டுது. சாக்குல அமுக்கிக் கட்டிக் குடு. இல்லன்னா நீயே வச்சுக் கூட்டுப் பண்ணித் தின்னு!'

சாக்குல போடணும்னா ஒரு கை சாக்கு வாயைப் பிடிக்கணும், இன்னொரு கை இலையை அள்ளணும். ஒத்தை ஆளா செஞ்சா சாக்கு வாய் பொத்துன்னு மூடிக்கும். வாதாம் இலை வேற விறைப்பா நிக்கும், மடங்காது. நான் பிடிக்கலாம்தான். எனக்கு அந்தத் தூசி ஆகாது. தும்மல் வரும். அது வேற கதை.

அம்மா என்ன பண்ணுனா தெரியுமா? ரெண்டு வீட்டு ஆம்பளைகளும் கடைக்குக் கிளம்பின பிறகு, பத்தரை மணி வாக்குல, வெறும் சாக்கை அந்தச் சந்துல நுழைப்பா. அந்தப் பக்கம் இருந்து ரெண்டு கை வரும். பெரியம்மை கை. ஆவுடையம்மான்னு பேரு, பெரியப்பா சம்சாரம். அந்தக் கை சாக்கு வாயை அகலமாப் பிடிச்சுக்கும், அம்மா அள்ளிப் போடுவா. எங்க சாக்கு முடிஞ்சா அவுக சாக்கு இந்தப் பக்கம் வரும், அம்மா பிடிப்பா. ஆனா பேச மாட்டாவ. பேசப்படாதுல்லா? எங்கப்பா அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காவ. பெரியப்பாவும் அந்தப் பக்கம் அப்படித்தான்.

பேசாம, சாக்குகிட்டப் பேசுவாவ.

சிரிக்காதிய. நான் இந்தக் கிளையில, அந்தா அந்த வளைஞ்ச கிளைதான், அதுதான் என் ரேடியோ ஸ்டேஷன், அங்கன உக்காந்து லீவு நாளெல்லாம் கேட்டிருக்கேன். அம்மா சொல்லுவா: 'சாக்கே, கேட்டியா? சில வீட்டுல விடிய விடிய இருமுதாவ. ஒரு ஆடாதோடை இலையைக் கொதிக்க வச்சுக் குடிக்கக்கூடத் துப்பு இல்ல.' எப்படி வைதா பாருங்க! துப்பு இல்லையாம். அதோட விட்டாளா? மறுநாள் ஒரு கட்டு ஆடாதோடையைக் கொண்டுபோய் அவுக பக்கத்துச் சுவர் மேல வச்சுட்டு வந்துட்டா. அடுத்த வீட்டுச் சுவத்துல குப்பை போடலாமா? எனக்கே பாவமா இருந்துச்சு.

பெரியம்மை லேசுப்பட்டவளா? அவ குரல் கொஞ்சம் கட்டையா, மூக்குல இருந்து வரும்: 'சாக்கே, சிலபேரு வைக்குற புளிக்குழம்பு வாடை இங்கன வரைக்கும் அடிக்கி. வெந்தயத்தைக் கருக்கிட்டாவ. இருபது வருஷத்துக்கு முன்னாடி சொல்லிக் கொடுத்தது, இன்னும் மண்டையில ஏறல.' எங்கம்மா சமையலையே குறை சொல்லுதா! மறுநாள் அவுக சாக்கு இந்தப் பக்கம் வந்துச்சு. உள்ள பாத்தா ஒரு தூக்குச்சட்டி. புளிக்குழம்பு. எனக்குப் பயம் அண்ணாச்சி, ஏதாவது கலந்திருந்தா? நான் தொடவே இல்ல. அம்மா அடுப்படியில உக்காந்து அதை ஊத்தித் தின்னா. தின்னும்போது கண்ணுல தண்ணி கொட்டுது. அம்புட்டுக் காரம் போட்டிருக்கா, படுபாவி.

இப்படியே ரெண்டு பேரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு, ஒரு மணி நேரத்துல அரைச் சாக்குதான் நிரம்பும். விழுறது நாலு சாக்கு. கணக்கு எப்படி உதைக்குது பாருங்க. மிச்ச இலை முற்றத்துலயே கிடக்கும். போன மாசம் ஒரு நாள் காலையில பனி பெஞ்சு இலையெல்லாம் வழவழன்னு கிடந்துச்சு. எங்கப்பா சாவியைச் சுத்திக்கிட்டே வந்தாவ, சர்ருன்னு ஒரு வழுக்கு, அப்படியே உக்காந்துட்டாவ. வேட்டி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அம்மாவைக் கூப்பிட்ட அந்தக் குரலைக் கேளுங்க: 'ஏ சங்கரவடிவு! இன்னும் பத்து நாள் பாப்பேன். இந்த முற்றத்துல இலை கிடந்துச்சு, மரமே இருக்காது!' அந்தப் பக்கம் பெரியப்பாவும் வழுக்கியிருப்பாவ போல, 'மரத்தைத் தூரோட எடுத்தாத்தான் நிம்மதி'ன்னு சத்தம் கேட்டுச்சு. மூணு வருஷத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் இதுதான்.

மரம் போனா என் ஸ்டேஷன் போச்சு. இந்தக் கிளையில உக்காந்தாத்தான் ரெண்டு வீட்டுக் குரலும் எனக்கு வரும். அதனால நான் தீவிரமா இறங்கிட்டேன். இலை கட்டுற வேலையைச் சுளுவாக்கிட்டா முற்றம் சுத்தம், மரம் தப்பிக்கும். நியாயமா இல்லையா?

முதல்ல ஒரு பிளக்ஸ் போர்டு. தெருமுனையில கபடிப் போட்டிக்கு வச்சது, போட்டி முடிஞ்சு கம்போட சாஞ்சு கிடந்துச்சு. பதினாறு பேரு மீசையை முறுக்கிட்டு நிப்பானுவ. அதைக் குழாய் மாதிரிச் சுருட்டிச் சாக்குக்குள்ள விட்டேன். விட்ட உடனே அது தானா விரிஞ்சு சாக்கு வாயைப் பிடிச்சுக்கிச்சு. மேல இருந்து இலையைக் கொட்டு, காலால மிதி, பிளக்ஸை உருவு, வாயைக் கட்டு. பத்து நிமிஷம்! ஒத்தை ஆள்! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். கை தட்டுவான்னு பாத்தா, சந்துப் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டே, 'ம்... நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லுதா. பல்வலிக்காரி மாதிரி.

மறுநாள் காலையில பிளக்ஸைக் காணோம்.

சரி, பிளக்ஸ்காரனே எடுத்துட்டுப் போயிருப்பான்னு நினைச்சேன். அடுத்து ஒரு பெயிண்ட் வாளி, இருபது லிட்டர் வாளி. அடியை அறுத்து எடுத்துட்டேன். சாக்கை உள்ள விட்டு, வாயை வாளி விளிம்புல மடிச்சு விட்டா, சாக்கு ஆடாம அசையாம கொக்கு மாதிரி நிக்கும். ரெண்டே நாள். வாளியும் போச்சு.

இப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அடி இல்லாத வாளியை எவன் திருடுவான்? தண்ணி பிடிக்க முடியாது, அரிசி போட முடியாது. திருடுனவனுக்கு வாளி தேவை இல்ல அண்ணாச்சி. நான் வேலையைச் சுளுவாக்கக் கூடாது, அதுதான் தேவை. அப்படின்னா அவனுக்கு இலை கிடக்கணும். இலை கிடந்தா மரம் வெட்டணும். புரியுதா? எவனோ மரத்துக்குக் குறி வச்சிருக்கான்.

மரகதம் அக்காவைச் சந்தேகப்பட்டேன். மூணு நாள் அவ வண்டி பின்னாலயே போய்ப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அவதான் என்னைச் சந்தேகப்பட்டு, 'என்னல, என் வண்டியில என்னத்தப் போடப் பாக்க?'ன்னு விளக்குமாத்தைத் தூக்கிட்டா. சரின்னு நம்ம ஆயுதத்தை எடுத்தேன். மத்தியானம் கிளையில ஏறி உக்காந்து, பெரியப்பா குரல்ல ஒரு அதட்டு: 'ஏ ஆவுடை! அந்த வாளியை எங்கன வச்ச?'

அடுப்படியில இருந்து பட்டுன்னு பதில் வருது: 'எந்த வாளி, அடி இல்லாததா? நெல்லுக் குதிலுக்குப் பின்னாலதான் கிடக்கு. உங்களுக்கு எதுக்கு அது?'

பிடிச்சேன் பாத்தியளா! ஒரே சொல்லுல! எனக்கு மரத்துல இருந்து குதிக்கணும் போல இருந்துச்சு. ஓடிப்போய் அம்மாகிட்டச் சொன்னேன், 'பெரியம்மைதான் கள்ளி'ன்னு. அம்மா கோபப்படணும்லா? கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்குதா. 'போகட்டும்ல, அவுகளுக்கு என்ன கஷ்டமோ'ங்கா. வாளி திருடுறதுல என்ன கஷ்டம் அண்ணாச்சி?

அம்மா சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல. அதுல ஏதோ இருந்துச்சு. அதனால அடுத்த பரீட்சை அம்மாவுக்கு. ஒரு நாள் காலையில, பெரியம்மை வாரதுக்கு முன்னாடி, சுவரைச் சுத்தி அந்தப் பக்கம் போய், மரத்துக்குப் பின்னால குத்தவச்சேன். பெரியம்மை குரல். அது லேசுல வராது. சொல்லோட கடைசியில லேசா ஒரு நடுக்கம் வரும், அதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. 'சாக்கே, அந்த மீசைக்காரப் பயலுவ படம் பத்திரமா இருக்கா?'

அம்மா குனிஞ்சு, சந்துக்குள்ள வாயை வச்சு, இதுவரைக்கும் நான் கேக்காத ஒரு குரல்ல, சின்னப்பிள்ளை ரகசியம் பேசுற மாதிரிச் சொல்லுதா: 'சாக்கே, பயப்படாதேன்னு சொல்லு. பீரோ மேல பாய்க்குள்ள சுருட்டி வச்சிருக்கேன். இந்தப் பய கண்ணுக்கு எட்டாது.'

இந்தப் பய! நான்!

நல்லா யோசிச்சுப் பாருங்க. பிளக்ஸை எடுத்தது அம்மா. வாளியை எடுத்தது பெரியம்மை. மூணு வருஷமா ஒரு சொல்லு பேசாத ரெண்டு பேரு, எப்பக் கூடிப் பேசி, எப்பத் திட்டம் போட்டு, ஆளுக்கு ஒண்ணா எடுத்தாவ? இதுல பெரிய சூது இருக்கு. ரெண்டு பேருக்கும் மரம் சாயணும். அதுக்கு நான் இடைஞ்சல். சொந்த அம்மா அண்ணாச்சி! அந்தப் பக்கம் பெரியம்மையும் பிறத்தியா இல்ல. நான் பொறந்தப்போ அம்மாவுக்குச் சுகமில்லாம, என்னை நாப்பது நாள் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனது அவதானாம். என் மூக்கு இப்படிச் சப்பையா இருக்குறதுக்கே அவதான் காரணமாம். அப்பயே ஆரம்பிச்சிருக்கா பாருங்க என்னைப் பழிவாங்க.

எனக்குக் காது ரொம்பக் கூர்மை. யாரு பேசினாலும் ஒரு சொல்லு தப்பாது. அதனாலதான் என்னை யாரும் ஏமாத்த முடியல.

ஆனா நான் விடல. மூணாவதா, அந்தா தொங்குதுல்லா, சைக்கிள் ரிம். கிளையில கயித்தைக் கட்டி, ரிம்மைப் படுக்கை வசத்துல தொங்கவிட்டு, சாக்கு வாயைச் சுத்தித் துணி கிளிப்பு மாட்டியிருக்கேன். இடுப்பு உயரம். குனியவே வேண்டாம். இதை முடிச்சது நேத்து ராத்திரி. முடிச்சப்பவே ரெண்டு முடிச்சு அதிகமாப் போட்டேன், எவளும் அவுக்கக் கூடாதுன்னு. எங்கப்பா இதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும், மரத்தை வெட்ட மாட்டாவ. அதனாலதான் உங்களை அவுக வாரவரைக்கும் இருக்கச் சொல்லுதேன்.

ஷ்ஷ்... பத்தரை ஆச்சு. அம்மா விளக்குமாறோட வாரா. அப்படியே மரத்தோட ஒட்டி உக்காருங்க, உங்களைப் பாத்தாப் பேச்சு மாறிரும். ஐயையோ, மெஷினைப் பாத்துட்டா. நின்னுட்டா பாருங்க.

ரிம்மைத் திரும்பிக்கூடப் பாக்கல! வேற சாக்கை எடுத்துச் சந்துல நுழைக்கா. அந்தா, கை வந்துட்டு. கேளுங்க, கேளுங்க, இப்ப எப்படிச் சண்டை நடக்குன்னு நீங்களே கேளுங்க.

பெரியம்மை கேக்கா: 'சாக்கே, இன்னைக்கு என்ன, மெஷினெல்லாம் வந்திருக்கு?'

அம்மா சொல்லுதா: 'சாக்கே, நாளையில இருந்து இலை விழாதாம். பெருக்குற வேலை இல்லையாம்.'

ஒருத்தியும் இலையை அள்ளல. இருங்க, பெரியம்மை ஏதோ சொல்லுதா: 'இலை விழலன்னா... சாக்கு எதுக்கு.' கேட்டியளா? அந்தக் கடைசிச் சொல்லுல வந்துச்சுல்லா, அந்த நடுக்கம்! அதுதான், அதைத்தான் சொன்னேன். என்ன சந்தோசம் பாருங்க அவளுக்கு, சாக்கு தேவையில்லன்னு!

அண்ணாச்சி, அங்க பாருங்க. பெரியம்மை கை சாக்கை விட்டுட்டு அம்மா கையைப் பிடிக்கி. சாக்கைப் பிடுங்கப் பாக்கா! அம்மா விடல, அம்மாவும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நான் போய் விலக்கிவிடட்டுமா? ரெண்டு பேரும் கையைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டு எம்புட்டு நேரமா...

என்ன அண்ணாச்சி, எந்திரிக்கிய? எங்க போறிய? அவுககிட்டயா போறிய? வேண்டாம், நீங்க யாரு பக்கம்னு தெரியாம ரெண்டு பேரும் உங்க மேல பாய்ஞ்சிருவாவ.

அண்ணாச்சி... நீங்க ஏன் சாக்கைப் பாத்துக் கும்பிடுதிய?

என்ன சொல்லுதிய சாக்குகிட்ட? 'சாக்கே, கேட்டியா? மரம் எல்லையில நிக்கி. அண்ணனும் தம்பியும் ஒரே இடத்துல ஒண்ணா நின்னு, ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் நான் மெஷினை எடுப்பேன். என் தொழிலுக்கு அதுதான் முறை. ரெண்டு வீட்டுலயும் சொல்லிரு'ன்னா? அதெப்படி அண்ணாச்சி நடக்கும்? அவுக ரெண்டு பேரும் ஒரே தெருவுல ஒரே நேரத்துல நடக்கவே மாட்டாவ! உங்களுக்கு இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே இங்கன வேலை கிடைக்காது. இது தெரியாமலா சொல்லுதிய?

அம்மா, நீ எதுக்கு இப்படிச் சிரிக்க? கண்ணுல தூசியா? அங்கன பெரியம்மையும் சிரிக்கா, சுவத்துக்கு மேல கேக்கு. ஏ, எல்லாரும் சேர்ந்து என்ன பேசிக்கிடுதிய?

அப்ப மரம் தப்பிச்சுட்டுன்னு சொல்லுங்க. நான் நேத்துப் போன் பண்ணுனது... இல்ல, அப்பா பண்ணுனது, வீண் போகல. சரி, பாத்துப் போங்க அண்ணாச்சி. மெஷினைத் தோள்ல போட்டுக்கிடுங்க. அந்தப் பக்கம் எதுக்குப் போறிய, வாசல் இந்தப் பக்கம். ரிம்மு கயித்தை எதுக்குத் தொடுதிய? அண்ணாச்சி, அது ரெண்டு முடிச்சு, அவுக்க வராது. கத்தியை எதுக்கு எடுக்கிய?

அண்ணாச்சி! என் ரிம்மு! அதை ஏன் உங்க வண்டியில மாட்டுதிய? யம்மா, பாரு, நீ பாத்துக்கிட்டே நிக்கியே! அண்ணாச்சி, நில்லுங்க! நீங்களும் அவளுகளோட கூட்டா? மூணு பேரா? எப்பத் திட்டம் போட்டிய?